விட்டதைப் பிடிக்கப் போனவர்

என் அக்காவின் புருஷன் குதிரைப் பந்தயத்தில் ஒரு நாளும் தோற்றதில்லை. நம்பாவிட்டால் போங்கள். "தோத்துட்டேன்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. "இன்னைக்குக் கொஞ்சம் விட்டுட்டேன்" என்பார். காற்றாடி விட்டுவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார். தோற்பதெல்லாம் ஊரில் மற்றவர்களுக்கு நடப்பது. இவர் விடுவார், அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்க அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கிண்டியில் இறங்குவார்.

அவரைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். செத்துப்போன மனிதர். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது, மேற்குத் தாம்பரத்தில் தன் வாடகை வீட்டில் என்னை ஆறு வருஷம் வைத்துச் சோறு போட்டவர். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. எல்லாம் சரி. பேனாவை எடுத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. வந்தால் வரட்டும், இந்த வயதில் அதை அடக்கி எனக்கென்ன ஆகப்போகிறது.

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் வாட்டர் கிளார்க் என்று அதற்குப் பெயர். கப்பல் வந்து நின்றதும் படகில் போய் ஏறவேண்டும். கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கவேண்டும். குடிதண்ணீர் வேண்டுமா, காய்கறி வேண்டுமா, யாருக்காவது டாக்டர் வேண்டுமா என்று கேட்டு ஏற்பாடு செய்யவேண்டும். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் கப்பலில் ஏறினால் சிகரெட், பிளேடு, சென்ட் பாட்டில் என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்க ஊர்ல ஜனங்க எதுல பணம் கட்டுவாங்க?"

எந்த நாட்டு மாலுமியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டானாம். சாமியைப் பற்றிக் கேட்டால் முறைப்பான், சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்வான், சூதாட்டத்தைப் பற்றிக் கேட்டால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவான். இதுவும் அத்தான் சொன்னதுதான்.

சாயங்காலம் பீச் ரயிலை விட்டு இறங்கி, கால் கழுவி, காபி டம்ளரோடு முற்றத்தில் உட்கார்ந்தாரானால் எங்கள் வரிசையில் இருந்த நாலு போர்ஷன்காரர்களும் வந்துவிடுவார்கள். அதுவரை நான் கண்ட உலகம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரான நாசரேத்தும் தாம்பரமும்தான். மற்ற நாடெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கிலாந்துக்காரன் வாராவாரம் சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து, பொண்டாட்டி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, எந்த ஃபுட்பால் டீம் எந்த டீமோடு டிரா ஆகும் என்று கட்டத்தில் குறித்துத் தபாலில் போடுவான். போட்டுவிட்டு மறந்துபோவான். ஜப்பான்காரன் ஆபீஸ் விட்டதும் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை மெஷினில் தட்டிக்கொண்டிருப்பான், பக்கத்தில் இருப்பவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். ஸ்பெயினில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே ஒரு பெரிய லாட்டரி. ஒரு சீட்டைப் பத்துத் துண்டாக்கி, அந்தத் துண்டையும் பங்கு போட்டு, கசாப்புக் கடைக்காரனும் பங்குச் சாமியாரும் ஒரே நம்பரை வைத்திருப்பார்கள். விழுந்த நம்பரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டாகப் பாடுவார்கள். அத்தான் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் மாதிரியே பாடிக் காட்டுவார். அக்கா செய்துவைத்த ரவை கேக்கைப் பத்தாக வெட்டி, "இந்தாங்க, உங்க பங்கு" என்று எல்லோருக்கும் கொடுப்பார். கடைசியில் அக்காவுக்கு இருக்காது.

"ஆஸ்திரேலியாக்காரன் மாதிரி பணம் விடுறவன் உலகத்துல எவனும் கிடையாது" என்றார் ஒரு நாள். "மெல்போர்ன்ல ஒரு செவ்வாய்க்கிழமை குதிரை ஓடும். அதுக்கு ஊருக்கே லீவு. ஆனா ஒண்ணு. பால்காரனுக்கு, வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான் வருவான். மிச்சம் இருக்கிறதைத்தான் விடுவான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க மிச்சம் வர்றதுக்கு முன்னாலயே விட்டுடறீங்களே அத்தான்" என்றேன்.

"பாருங்க, பாருங்க! நம்ம டைப்பிஸ்டம்மா ஒரு மிஸ்டேக் இல்லாம அடிச்சிட்டாங்க" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரை எதைச் சொல்லிக் குத்தினாலும் அது ஒரு வேடிக்கையாகி அவருக்கே போய்ச் சேரும். கோபப்பட்டவள்தான் அசடு வழியவேண்டும்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அத்தானும் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் மொனாக்கோ என்ற குட்டி ராஜ்யத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்குப் பெயரே சூதாட்ட மாளிகையால்தான். உலகத்துப் பணக்காரன் எல்லாம் அங்கே போய் விட்டுவிட்டு வருவான். ஆனால் அந்த ஊர்க் குடிமகன் ஒருத்தன் அதற்குள் உட்கார்ந்து ஆடக்கூடாது. சட்டம்!

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "அந்த ஊர்ல நமக்குக் குடியுரிமை கொடுப்பாங்களாங்க?"

முற்றமே சிரித்தது. அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஒரு வாரம் வரை ஆபீசில், ரயிலில், சபையில் எல்லோரிடமும் "எங்க டீச்சர் என்ன கேட்டா தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் ஏன் கேட்டாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அறிவில்லாதவனுக்குத் தோன்றாமல் போகலாம். இவருக்கு என்ன கேடு?

அக்காவுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. கீழ்க்கட்டளையில் ஒரு மனை வாங்கியிருந்தாள். அப்போதெல்லாம் கீழ்க்கட்டளை என்றால் ஏரியும் வயலும்தான். பதினோரு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கைவளையலையும் விற்று வாங்கிய இடம். பத்திரம் அவள் பெயரில். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பல்லாவரத்தில் ரயிலிறங்கி மூன்று பேரும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இரண்டு அறை, கிழக்கே ஜன்னல் வைத்த சமையல்கட்டு, பின்னால் கிணறு. பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து வைத்திருந்தாள். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரன் வாடகையை ஏற்றும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்து ஜன்னலை அழித்து வேறு இடத்தில் போடுவாள்.

மழைக்காலத்தில் அந்த மனையில் பூசணி விதை போட்டிருந்தாள். நல்ல காய்ப்பு. இருப்பதிலேயே பெரிய காயை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குச் சபையில் கொண்டுபோய்ப் படைத்தாள். படைத்ததை எல்லாம் ஆராதனைக்குப் பிறகு ஏலம் போடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட ஐந்து ரூபாய்க்குக் கேட்பவர்கள் உண்டு, காணிக்கை என்று. எங்கள் பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வரும் ரிட்டயர்டு மிலிட்டரி டாக்டர் ஒருவர் ஒரு விலை கேட்டார். அத்தான் மேலே கேட்டார். டாக்டர் ஏற்றினார், இவரும் ஏற்றினார். அத்தானின் காது இரண்டும் சிவந்து, முன்னால் இருந்த பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். முற்றத்தில் கதை சொல்பவர் அங்கே இல்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று முடிந்தபோது அரை மூட்டை அரிசி வாங்கும் பணத்துக்குப் பூசணிக்காய் எங்களுடையதாயிற்று.

சபைப் போதகரான ஐயர் "தாராள மனசுள்ள நம் சகோதரர்" என்று ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் காயை மடியில் வைத்திருந்த அக்கா, "நாம கொடுத்ததை நாமளே வாங்கிட்டு வர்றோம்" என்றாள்.

"இது சூது இல்ல டீச்சர், காணிக்கை" என்றார் அத்தான்.

"அந்த டாக்டர் ஊருக்குப் போயிருந்தா காணிக்கை ரெண்டு ரூபாயோட நின்னிருக்கும்" என்றேன் நான். அவருக்குப் பிரமாதமாகச் சிரிப்பு வந்தது.

அடுத்த வருஷம் அக்காவுக்கு பிராவிடண்ட் ஃபண்டில் கடன் கிடைத்தது. அஸ்திவாரத்துக்குக் கல் இறக்க முன்பணம் கொடுக்கவேண்டும். பல்லாவரத்தில் கல் உடைப்பவரிடம், சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து வரும்போது நானே கொடுத்துவிடுகிறேன் என்று அத்தான் வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தவளைச் சொல்லவேண்டும். மூன்று மணிக்குக் கல்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, "சார் இன்னும் வரலியே அம்மா" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

கிண்டி ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். ரேஸ் முடிந்து வரும் கூட்டத்தில் ஒரு பெண் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அத்தான் வந்தார். வெள்ளை டிரில் பேண்ட், கையில் சுருட்டின ரேஸ் புத்தகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கே நின்ற ரிக்‌ஷாக்காரன் ஒருவன் அவரிடம் சொந்தக்காரன் மாதிரிப் பேசினான்.

"இன்னா சார், இன்னிக்கி எம்மாம் வுட்டே?"

அத்தான் கையை விரித்துக் காட்டினார்.

"வுடு சார். பேஜாரு பண்ணிக்காத. வர்ற வாரம் புடிச்சுக்கலாம். வுட்டது எங்க பூடப்போவுது? இங்கதான கீது."

"அதானே!" என்றார் அத்தான். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"அக்கா பணம் எங்கே அத்தான்?" என்றேன். அவர் ரேஸ் புத்தகத்தை பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு நடந்தார். ரயிலில் ஏறி எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்பார், அழுவார், பொய்யாவது சொல்வார் என்று நினைத்தேன். மீனம்பாக்கம் தாண்டியதும் முகம் தெளிந்து, முற்றத்தில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"ஒரு விஷயம் கவனிச்சியா? இங்கிலீஷ்காரன் பந்தயத்துல பணம் போனா 'லாஸ்ட்'ங்கிறான். தொலைஞ்சதுன்னு அர்த்தம். போன மாசம் கிரீஸ் கேப்டன் ஒருத்தன்கிட்ட கேட்டேன், அவன் பாஷையிலயும் அப்படித்தானாம். தொலைஞ்சு போச்சுன்னா தொலைஞ்சு போச்சு. வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்துடுவான். நாம அப்படியா சொல்றோம்? 'விட்டேன்'ங்கிறோம். விட்டா அது எங்கயோ இருக்குல்ல? அப்போ போய்ப் பிடிக்கணும்ல? அந்தக் கேப்டனுக்கு இதை விளக்கினேன். அவன் சொல்றான், 'உங்க பாஷை ரொம்ப ஆபத்தான பாஷை'ன்னு. எப்படி!"

கண் பளபளக்க என்னைப் பார்த்தார், நான் சபாஷ் சொல்வேன் என்று. அன்றைக்குத்தான் என் கோபம் இரண்டு மடங்காயிற்று. படிக்காத ஒரு குடிகாரன் செய்தால் விதி என்று விடலாம். இந்த மனிதருக்குத் தன் வியாதி என்ன என்று தெரியும். அது எந்த நாட்டில் எப்படி வரும், எங்கே வராது, ஏன் வராது என்று தெரியும். எந்த வார்த்தையில் அது ஒளிந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். அதையும் ஒரு நல்ல கதையாக்கி வைத்துக்கொண்டார்.

அந்தப் பணத்தைப் பிடிக்க மனைப் பத்திரம் அடமானத்துக்குப் போனது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அக்காதான். "ஏன்டி போட்டே?" என்று கத்தினேன். "அவர் கேட்டாரு" என்றாள். அவளையும் அறையலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். அத்தானுக்கு ஜாக்பாட் விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. கிண்டியிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். ஆப்பிள், பிளம் கேக், அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை, எனக்கு ஒரு ரிஸ்ட் வாட்ச். நாலு போர்ஷனுக்கும் கேக் போனது. பத்திரத்தை மீட்டு, கல்லும் இறக்கி, சுவரும் எழுப்புகிற பணம் அது. அக்கா அழுதாள். பரீட்சைத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"திங்கட்கிழமை காலையில முதல் வேலையா பத்திரத்தை மீட்டுடுங்க அத்தான்" என்றேன்.

அத்தான் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இது வேற, அது வேற" என்றார்.

"எது வேற?"

"இது ஜெயிச்சது. விட்டது இன்னும் அங்கயே இருக்கே. அதை நான் எங்க பிடிச்சேன்? இப்பதான் கையில முதல் இருக்கு. இதை வெச்சு அதைப் பிடிச்சு, அதைக் கொண்டுபோய்ப் பத்திரத்துக்குக் கொடுத்தாத்தான் கணக்கு சரி. இதை எடுத்து அதுக்குக் கொடுத்தா, அது அநாதையா அங்கயே கிடக்கும்ல?"

நான் அந்த வாட்சைக் கழற்றித் தரையில் அடித்தேன். கண்ணாடி சிதறியது. அவர் குனிந்து, எங்கள் காலில் குத்திவிடப் போகிறது என்று ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். அந்த மாதிரி மனிதர். அக்கா ஆறு நாளும் கேட்டாள். சாப்பாடு போடும்போது கேட்டாள், ஜெபம் முடிந்து கேட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் பொறு டீச்சர்" என்றார். சனிக்கிழமை நடந்தே வந்தார், சீசன் டிக்கெட்டை எங்கோ தவறவிட்டிருந்தார்.

வட்டி ஏறிக்கொண்டே போனதால் மனையை விற்றுத்தான் தீரவேண்டும் என்று ஆயிற்று. பல்லாவரத்து மரக்கடைக்காரர் ஒருவர் வாங்கினார். பதிவு ஆபீசுக்கு நானும் போனேன், அக்காவை அடையாளம் காட்டும் சாட்சியாக. அன்றைக்கு ஒரு தீர்மானத்தோடு போனேன். எல்லோர் எதிரிலும் அந்த மனிதரை நிற்க வைத்துக் கேட்டுவிடுவது. ரயிலிலேயே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டாகவேண்டும். ரகளையானால் விற்பனை நிற்கும், நின்றால் அம்மாவின் நகையை விற்றாவது கடனை அடைக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

குமாஸ்தாவின் மேஜையைச் சுற்றி நின்றோம். மேஜையில் பத்திரம், மை அட்டை, கோந்து பாட்டில். ஏதோ ஒரு பழைய ரிஜிஸ்தரைத் தேடிக்கொண்டுவர ஆள் போயிருந்தான். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

"சார், ஆஸ்திரேலியாக் கப்பல் ஒண்ணு. ரெண்டு மாசமா கரையைப் பார்க்கல. குதிரை இல்ல, சீட்டுக்கட்டு நனைஞ்சு போச்சு. என்ன பண்ணுவான்? ரெண்டு சர்க்கரைக் கட்டியை மேஜையில வெச்சான். எதுல ஈ முதல்ல உட்காருதுன்னு பந்தயம். ஒரு மாசச் சம்பளம் ஒரு ஈ மேல நிக்குது. மூச்சு விட்டா ஈ பறந்துடும்னு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்போ கேப்டன் உள்ள வர்றாரு…"

கேப்டனாகவும் ஈயாகவும் மாறி மாறி நடித்தார். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டது போல எங்கிருந்தோ ஒரு ஈ வந்து பத்திரத்தின் மேல் உட்கார்ந்தது.

"ஆஹா! வந்துட்டான் பாருங்க ஆஸ்திரேலியாக்காரன்" என்றார் அத்தான். "எதுல உட்காருவான்? மை அட்டையா, கோந்து பாட்டிலா?"

"மை அட்டை. ஒரு காபி" என்றார் மரக்கடைக்காரர்.

"நானும் மை அட்டைதான்" என்றார் குமாஸ்தா.

ஈ எழும்பியது. மேஜைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. மை அட்டையின் ஓரத்துக்கு வந்து, தயங்கி, விலகி, மறுபடியும் சுற்றியது. ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு நேராகப் போய்க் கோந்து பாட்டிலின் கழுத்தில் உட்கார்ந்தது.

"நான் நினைச்சேன்! கோந்து பாட்டில்தான்னு நான் நினைச்சேன்!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கத்தியது நான்.

அக்கா அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு, விரலில் ஒட்டிய பேனா மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.